ஒழுகலும் ஒழுங்கும்

(செங்கற்பட்டில் மேனிலைப் பள்ளி மாணவர்க்கும் தமிழன்பர்க்குமாக நிகழ்ந்த தமிழறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயிரணுவின் படலத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு உங்களுள் சிலர் நகைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. நகைக்கலாம். நானும் முதலில் தயங்கியவனே. என்னை இங்குக் கொண்டுவந்து நிறுத்தியவள் என் மாணவி ஒருத்தி. மாமல்லைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து பேருந்தேறிப் படிக்க வருபவள். கட்டுரைப் போட்டிக்காக ஆங்கில நூலொன்றைப் புரட்டியவள், உயிரியல் ஆசிரியரிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். ஏனெனில் அவளுக்கு வேண்டியது ஒரு சொல்.

“ஐயா, கொழுப்பு நீர்மமா இருக்குதுன்னு போட்டிருக்கு. ஒழுங்கா இருக்குதுன்னும் அதே வரியிலே போட்டிருக்கு. ஓடுறது எப்படிங்கய்யா ஒழுங்கா இருக்கும்? நல்லொழுக்கம்னு சொல்றோமே, அது மாதிரியா?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அறியாமலே தமிழின் வேரொன்றைத் தொட்டுவிட்டாள். ‘ஒழுகு’ என்னும் வினையை எண்ணிப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது, ஆறு ஒழுகுகிறது. சான்றோர் காட்டிய வழியில் ஒழுகுகிறோம் என்றும் சொல்கிறோம். ஒழுகுவதிலிருந்தே ஒழுக்கமும் ஒழுங்கும் பிறந்தன. எறும்பின் வரிசையை ஒழுங்கென்கிறோம். அது நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையன்றோ? ஓடிக்கொண்டே வரிசை கலையாதிருக்கும் நிலைக்குத் தமிழ் ஒரே வேரில் இரு சொற்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் முரணாகத் தோன்றி அம்மாணவியை மருட்டிய செய்தி தமிழில் முரணே அன்று. ‘ஒழுங்குற்ற நீர்மம்’ என்று எழுதிக்கொள் என்றேன்.

சொல்லைக் கொடுத்துவிட்டேன், பொருளை நான் அறிந்திருந்தேனா? இல்லை. நம்மிடையே இது ஒரு நோயாகவே உள்ளது. பொருளை அறியாமல் சொல்லாக்கிப் பட்டியல் போட்டு அச்சிட்டுவிடுகிறோம். அந்தக் குற்றத்தை நானும் செய்யலாகாதென்று, ஓய்வு நாள்களில் என் பழைய மாணவரும் இன்று கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவருமான ஒருவரிடம் போய் அமர்ந்து கற்றேன். கற்றதைச் சொல்கிறேன்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து ஒரு படலம் உண்டு. பாடநூல் அதைச் சவ்வு என்னும். அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து நூறாயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு. இதைக் கட்டும் செங்கற்களே கொழுமியங்கள். ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால்கள் இரண்டு. வால்கள் நீருக்கு அஞ்சி ஒன்றையொன்று நோக்கி உள்ளே ஒளிய, தலைகள் இருபுறமும் வெளியே நிற்க, இரட்டை அடுக்கு தானே உருவாகிறது. 1925இல் ஆலந்து நாட்டினரான கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் குருதிச் சிவப்பணுக்களின் கொழுமியத்தைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல் அது இருமடங்கு பரந்தது. இரட்டை அடுக்கு என்பது அவ்வாறு வெளிப்பட்டது. சிறிய விலங்கணு ஒன்றின் மேற்படலத்தில் மட்டும் ஏறத்தாழ 100 கோடிக் கொழுமியங்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டில்லை. இடம் மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் இதைப் புரதங்கள் மிதக்கும் நீர்மப்பரப்பாக விளக்கினார்கள்.

இனி ஒழுங்கு. மார்கழித் திங்களில் உங்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பாருங்கள். தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், நம் பக்கத்து வேர்க்கடலையெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். ஏன்? தேங்காயெண்ணெயின் வால்கள் நிறைவுற்றவை, மூங்கிற்கழி போல நேரானவை, நெருங்கி அடுங்கும். கடலையெண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நிறைவுறாதவை; இடையே ஒடித்த கழி போல வளைந்தவை; நெருங்க மாட்டா. படலத்திலும் இதே நிலை. நேர்வால் கொழுமியங்கள் மிகுந்த இடம் இறுகும், வளைவால் மிகுந்த இடம் தளரும். இவற்றிடையே கொலசுட்டரால் புகுந்து நிற்கிறது. அதைப் பகை என்று மட்டுமே மருத்துவர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். படலத்தில் அது செய்யும் தொண்டு பெரிது: நேர்வால்கள் முற்றும் உறைந்து கல்லாகாமலும் காக்கிறது, கட்டற்று நெகிழாமலும் பிடிக்கிறது. அவ்வாறு வால்கள் நிமிர்ந்து நெருங்கி நின்றும், கொழுமியங்கள் பக்கவாட்டில் ஓடியும் இருக்கும் நிலையே ஒழுங்குற்ற நீர்மநிலை. மற்றது ஒழுங்கறு நீர்மநிலை.

1997இல் கை சைமன்சு, எலினா இக்கோனென் என்னும் பின்லாந்து அறிஞர் இருவர், உயிரணுவின் படலத்தில் ஒழுங்குற்ற சிறு திட்டுகள் மிதக்கின்றன என்று எழுதி, அவற்றுக்கு மிதவை எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை நிலைநாட்டினார்கள். மறு ஆண்டே பெங்களூரில் இரசத்து வர்மாவும் சத்தியசித்து மேயரும் செய்த ஆய்வு, படலத்தின் சில புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் சிறிய திட்டுகளில் கூடியிருப்பதைக் காட்டியது. இந்த மிதவைகள் எவ்வளவு சிறியன, எவ்வளவு நேரம் நிலைப்பன என்பதில் அறிஞரிடையே பல்லாண்டுப் பூசல் உண்டு.

இந்த மிதவைக்கு நான் ‘கொழுமியத் தெப்பம்’ என்று பெயரிட்டு நிமிர்ந்தேன். மாணவி முகம் சுளித்தாள். “தெப்பம் கோயில் திருவிழாவுக்குங்கய்யா. நேரான மரத்தையெல்லாம் பக்கத்துலே பக்கத்துலே அடுக்கிக் கயித்தாலே கட்டினா கட்டுமரம். அதைச் சொல்லுங்க” என்றாள். தோற்றேன்! நேர்வால்கள் அடுங்கி நிற்கும் திட்டுக்குக் கட்டுமரத்தினும் பொருத்தமான பெயர் வேறு ஏது? ஆங்கிலமே கடன்கொண்டுபோன நம் கடற்கரைச் சொல், என் கண்முன்னே கிடந்தும் எனக்குத் தோன்றவில்லை. அவள் தந்தை கட்டுமரம் ஓட்டியவர். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்துவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இன்று அக்கரையில் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே.

கட்டுமரம் என்றவுடன் ஒரு வினா எழுந்தாக வேண்டும். கட்டியது யார்? கயிறு எது? அங்கேதான் உறைப்புரதங்கள் வருகின்றன.

1964இல் உரோத்து, போர்ட்டர் என்னும் இருவர் கொசுவின் முட்டையணுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நம் ஊரில் தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே ஏடிசு கொசு! மஞ்சட்கருவுக்கான புரதத்தை உள்ளிழுக்கும் குழிகளின் அடிப்புறம் ஏதோ தடித்த உறை போர்த்தியிருந்தது. 1975இல் பார்பரா பியர்சு அம்மையார் அவ்வுறையின் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்; அதுவே கிளாத்திரின். ஒவ்வொரு கிளாத்திரின் அலகும் மூன்று கால் உடையது. கால்கள் ஒன்றோடொன்று பின்னி ஐங்கோண, அறுகோணக் கண்கள் கொண்ட கூடையாகின்றன. கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தை அறிவீர்களன்றோ? அதைப் போல. அறுகோணக் கண்கள் மட்டும் இருந்தால் பின்னல் தட்டையாகவே கிடக்கும். ஐங்கோணங்கள் புகுந்தால்தான் குவியும். பின்னல் குவியக் குவியப் படலமும் அதனோடு வளைந்து, குமிழாகி, அறுந்து, சரக்கைச் சுமந்து உள்ளே போகிறது. உயிரணுவின் உள்ளுறுப்புகளிடையே இப்படிச் சரக்கேற்றும் குமிழ்களுக்குக் கோப்பு-1, கோப்பு-2 எனப்படும் வேறு உறைகளும் உண்டு. இப்போக்குவரவை விளக்கியதற்காக 2013இல் சேம்சு உரோத்மன், இராண்டி செக்மன், தாமசு சூடாபு மூவர்க்கும் நோபல் பரிசில் கிடைத்தது.

உறைப்புரதத்துக்கும் கொழுமிய ஒழுங்குக்கும் உள்ள உறவு என்ன? பாரிசு நகரில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிக இனித்தது. ஒழுங்குற்ற பகுதியும் ஒழுங்கறு பகுதியும் தனித்தனியே தெரியும்படி பெருங்குமிழ்களைச் செய்து, கோப்பு-1 உறையை அதன்மேல் கூடவிட்டார்கள். உறை ஒழுங்கறு பகுதியில் மட்டுமே கூடியது. கரணியம் எளிது. தளர்ந்த படலம் எளிதில் வளையும். இறுகிய படலம் வளைய மறுக்கும். ஈரக் களிமண்ணில் சட்டி வனைபவர் காய்ந்த களியைத் தொட மாட்டார். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கோப்பு-1 குமிழ்களில் கொலசுட்டராலும் நேர்வால் கொழுமியமான சுபிங்கோமையலினும், அவை கிளம்பிய தாய்ப்படலத்தைவிடக் குறைந்திருப்பதை அளந்து கண்டிருந்தார்கள். சரக்கேற்றும்போதே இந்த உறை கொழுமியத்தையும் பிரித்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

எல்லாப் புரதமும் அப்படி அன்று. எதிர்த்திசையிலும் நடக்கும். வாந்திபேதியை உண்டாக்கும் நுண்ணுயிரின் நச்சுப்புரதத்துக்கு ஐந்து பிடிகள் உண்டு. அது ஒரே வகைக் கொழுமியம் ஐந்தைப் பற்றிச் சேர்க்கிறது. 2005இல் செய்த ஆய்வொன்றில், பிரிவின்றி ஒரே சீராகக் கிடந்த செயற்கைப் படலத்தில் இந்தப் புரதத்தைச் சேர்த்தவுடன் ஒழுங்குற்ற திட்டும் ஒழுங்கறு திட்டும் தனித்தனியே பிரிந்து நின்றன. கட்டுமரம் அங்கு முன்பே கிடக்கவில்லை; கயிறு வந்தபின் மரங்கள் சேர்ந்தன.

இனி நான் சொல்லவிருப்பது என் நெஞ்சைச் சுட்ட செய்தி.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவர் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய குருதியை வேலூருக்குக் கொண்டுபோய் ஆய்ந்தபோது, இந்நாட்டில் எச்.ஐ.வி. நச்சுயிரி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பின்னர் அந்நோயாளர் பல்லாயிரவர்க்குப் புகலாக நின்றது, இன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கிய தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. மருத்துவர் சவரிமுத்து 1928இல் காசநோயாளர்க்கெனத் தொடங்கி, 1937இல் அரசின் கைக்கு வந்த இடம் அது. 2004ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடுவண் அரசு கட்டணமின்றி எச்.ஐ.வி. மருந்து தரத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டு என்று நினைவு. என்னிடம் படித்து, படிப்பை விட்டுக் கடலுக்குப் போன இளைஞன் ஒருவன் அந்நோயோடு வீட்டில் கிடப்பதாகக் கேள்வியுற்றுப் போனேன். வாயிற்புறத் திண்ணையில் படுத்திருந்தான். அருகே ஓர் அலுமினியத் தட்டும் குவளையும் தனியே இருந்தன. “படிச்சவங்கதான் சொன்னாங்க வாத்தியாரே, இவன் தின்ன தட்டுலே யாரும் தின்னக் கூடாதுன்னு” என்றார் அவன் தாய். பெற்ற மகனுக்குத் தொலைவில் நின்று சோற்றைத் தள்ளி வைத்த அந்தத் தாயின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்துவிட்டு, ஆறிப்போன தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். முதுகலைத் தமிழ் படித்தவன் நான்! அவனும் பார்த்தான், அவன் தாயும் பார்த்தார்.

அன்று எனக்குத் தெரியாதிருந்தது இதுதான். எச்.ஐ.வி.யின் மேலுடுப்பு அதன் சொந்த உடைமை அன்று. நம் உயிரணுவின் படலத்திலிருந்து திருடிப் போர்த்துக்கொண்டது. திருடும் வேலையைச் செய்வது ‘காக்’ என்னும் உறைப்புரதம் (நம் காக்கைக்கும் அதற்கும் உறவில்லை). நோயுற்ற உயிரணுவின் உள்ளே உண்டாகும் இப்புரதத்தின் நுனியில் 14 கரிம அணுக்கள் கோத்த நிறைவுற்ற வால் ஒன்று உண்டு. சாதிக்காய்க் கொழுப்பில் மிகுந்திருப்பதும் அதுவே. அந்த நேர்வாலைப் படலத்தின் உட்புறம் ஊன்றிக்கொண்டு, பி.ஐ.பி-2 எனச் சுருக்கி வழங்கும் எதிர்மின்னேற்றக் கொழுமியத்தையும் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காக் புரதங்கள் ஓரிடத்தில் தோளோடு தோள் நெருங்கப் படலம் வெளிப்புறம் புடைக்கிறது. கழுத்து அறுகிறது. 100 நானோமீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவுடைய புதிய நச்சுயிரி புறப்படுகிறது.

அந்த உடுப்பை அளந்து பார்த்தபோது, கொலசுட்டராலும் சுபிங்கோமையலினும் தாய்ப்படலத்தைவிட மிகுந்திருந்தன. கோப்பு-1 உறைக்கு நேர் மாறு! 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இலார்டன் என்னும் சாயத்தை நச்சுயிரியின் மேல் ஏற்றினார்கள். ஒழுங்குற்ற படலத்தில் அச்சாயம் நீலம் நோக்கி ஒளிரும். தளர்ந்த படலத்தில் நீர் புகுவதால் பச்சை நோக்கிச் சாயும். நச்சுயிரியின் உடுப்பு ஒழுங்குற்றதென்றே சாயம் காட்டியது. அதனிடமிருந்து கொலசுட்டராலைப் பறித்துவிட்டால் தொற்றும் ஆற்றல் குன்றிப்போகிறது.

இங்கும் மாணவியின் கட்டுமர வினாவே. காக் புரதம் முன்பே கட்டிக் கிடந்த மரத்தில் ஏறிற்றா, தானே மரங்களை இழுத்துக் கட்டிற்றா? நெடுநாள் முதற்கருத்தே ஓங்கியிருந்தது. 2019இல் பிரான்சு நாட்டு மோம்பெலியே நகரத்தார் முன்னின்று செய்த ஆய்வில், உயிருள்ள அணுக்களில் ஒவ்வொரு கொழுமியத்தின் ஓட்டத்தையும் தொடர்ந்து பார்த்தார்கள். காக் கூடும் இடத்தில் பி.ஐ.பி-2வும் கொலசுட்டராலும் ஓட்டம் தடைப்பட்டுச் சிக்கின, சுபிங்கோமையலின் சிக்கவில்லை. முன்பே ஆயத்தமாயிருந்த கட்டுமரத்தில் ஏறியிருந்தால் மூன்றும் ஒருங்கே சிக்கியிருக்க வேண்டும். ஆகவே உறைப்புரதமே கட்டுகிறது என்னும் பக்கம் தட்டு தாழ்ந்துள்ளது. அப்படியாயின் உடுப்பில் சுபிங்கோமையலின் எவ்வாறு மிகுந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அது பின்னர் வந்து சேர்வதாக இருக்கலாம் என்றார் என் ஆசிரியராகிய மாணவர். அதை ஆய்ந்து முடிப்பவர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கலாம்.

திருடிய உடுப்பு கொழுமியத்தால் ஆனது, ஆதலின் மெலிந்தது. வழலைக்கட்டிக்கும், அதாவது கடையில் நாம் சோப்பு என்று கேட்டு வாங்குவதற்கும், நீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலும் உண்டு. அந்த வால் கொழுமியங்களிடையே புகுந்து அடுக்கைக் கலைத்துவிடும். உடுப்பிழந்த நச்சுயிரியால் உயிரணுவுக்குள் நுழைய இயலாது. 2020இல் கொரோனாவுக்காகக் கைகழுவுங்கள் என்று ஊரெங்கும் முழங்கினார்களே, அதற்கும் அடிப்படை இதுவே. அதன் உடுப்பும் நம் உயிரணுவின் உட்படலத்திலிருந்து எடுத்த கொழுமியந்தான். இளம்பிள்ளை வாதத்தின் நச்சுயிரிக்கோ கொழுமிய உடுப்பே கிடையாது, புரத உறை மட்டுமே. எனவே வழலைக்கு அது அவ்வளவு எளிதில் அழியாது.

எச்.ஐ.வி. உண்கலத்தால் பரவாது. உடனிருந்து உண்பதால் பரவாது. தொடுவதால் பரவாது. உமிழ்நீரில் அது தொற்றும் அளவில் இல்லை. வெளியே உலர்ந்தால் விரைந்து வலுவிழக்கும். குருதி, பாலுறவு நீர்மங்கள், தாய்ப்பால் இவற்றின் வழியேதான் அதற்குப் பாதை. அந்தத் திண்ணையில் இருந்த தேநீர்க் குவளைக்கு நான் அஞ்சியிருக்க வேண்டியதே இல்லை.

அவ்விளைஞன் பிழைத்துக்கொண்டான். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு இன்றும் கடலுக்குப் போய் வருகிறான். இவற்றையெல்லாம் கற்ற பிறகு, சென்ற பொங்கலை அடுத்து அவன் வீட்டுக்குப் போனேன். உறைந்த தேங்காயெண்ணெயையும் வழலைக்கட்டியையும் காட்டி அவன் தாய்க்கு விளக்கினேன். கட்டுமரம் என்றதும் அவர் தலையசைத்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“இத அப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா வாத்தியாரே? எத்தனை நாள் அவனத் தனியா வச்சிட்டேன்.”

நான் என்ன விடை சொல்வேன்? தலைகுனிந்து அமர்ந்திருந்தேன்.

மாணவர்களே, கரும்பலகையில் உள்ள சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். உயிரணு, படலம், கொழுமியம், உறைப்புரதம், ஒழுங்குற்ற நீர்மநிலை, ஒழுங்கறு நீர்மநிலை, கொழுமியக் கட்டுமரம். புரதம் என்பது அயலொலியைச் சாய்ந்து நிற்கும் சொல்லாயிற்றே என்று பெரியவர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். உண்மை. ஆயினும் அது இன்று ஒவ்வொரு குழந்தையும் அறிந்த சொல். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தத் தாயிடம் நான் பேசியிருக்க முடியாது. படலம் வளையும் அளவைக் குறிக்க ‘வளைமை’ என்று வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவாக இல்லை. கடலோரத்தார், கூடை முடைவார், சட்டி வனைவார் வாயில் இதனினும் நல்ல சொல் வழங்கினால், கேட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.